இரண்டாவது கை

கவிழ்மலையின் அடியில் ஒரு பள்ளம் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் மூடுபனி அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் எழுந்து போகாது. தேனும் கிழங்கும் கிடைப்பது அங்கே மட்டும்தான் என்பதால் ஊரில் யாரும் அதற்குள் போகாமல் இருந்ததில்லை. போனவர்களில் அநேகம் பேர் திரும்பி வந்தார்கள். ஆனால் திசை பிசகி வந்தார்கள்.

வந்தவர் நன்றாகத்தான் பேசுவார். பெயர் சொல்வார். பிள்ளைகளை அடையாளம் காண்பார். வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் அங்கேதான் கதவு இருக்கிறது என்று சுவரில் போய் முட்டுவார். பொழுது சாயும்போது கும்பிட்டு, விடிந்துவிட்டதே என்பார். அவருடைய கிழக்கு உள்ளுக்குள் நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்பது அவருக்கே தெரியாது.

அதைக் கண்டுபிடித்து நேராக்குவதுதான் மலைமேல் இருந்த ஆசிரமத்தின் வேலை. அதன் தலைவி உலகம்மை. சீடர்கள் இருவர், இடும்பனும் கூத்தனும். இடும்பன் உலகம்மையைவிட வயதில் மூத்தவன். மனைவி சிலம்பாயியோடு ஆசிரமத்துக்குக் கீழே ஒரு வீட்டில் இருந்தான். கணக்கில் புலி. அது அவனுக்கும் தெரிந்திருந்ததுதான் தொந்தரவு.

வேலை இப்படி நடக்கும். மலைமேல் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் கிழமேற்காக ஒரு கோடு, தென்வடலாக ஒரு கோடு. தென்வடல் கோட்டின் வடக்கு முனையில் ஆள் உயரத்துக்கு ஒரு குத்துக்கல். வந்தவரின் கண்ணைக் கட்டி, கோடுகள் வெட்டும் இடத்தில் நிறுத்தி, பத்துக் கணு உள்ள மூங்கில் கோலைக் கையில் கொடுப்பார்கள்.

"உன் கிழக்கு எது?"

அவர் கோலை நீட்டுவார். கோலின் நுனி கிழக்கே எத்தனை கணு, வடக்கே எத்தனை கணு என்று கயிறு பிடித்து அளந்து இரண்டு குவியலாகக் கூழாங்கல் வைப்பார்கள். கிழக்குக்கும் வடக்குக்கும் வெள்ளை. மேற்கிலோ தெற்கிலோ விழுந்தால் கறுப்பு.

"உன் வடக்கு எது?"

மறுபடியும் கோல். மறுபடியும் கயிறு. இதற்கு இரண்டாவது கை என்று பெயர். கீழே இன்னும் இரண்டு குவியல். இந்த நான்கையும் பார்த்து, ஆள் எத்தனை பாகை திரும்பியிருக்கிறார், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். பிறகு மரச்சக்கரத்தில் நிறுத்தி எதிர்ப்பக்கமாக அத்தனை பாகை சுற்றிவிடுவார்கள். அவர் இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, நேரே தன் வீட்டுக்கு நடப்பார்.

இடும்பன் வந்த புதிதில் முதல் குவியலை மட்டும் பார்த்தான். கிழக்கே எட்டு வெள்ளை. முப்பத்தேழு பாகை என்று சொல்லி ஒரு தேனெடுப்பவரை வலப்பக்கமாகச் சுற்றிவிட்டான். அந்த மனிதர் சக்கரத்திலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகிறேன் என்று பாறையின் விளிம்பை நோக்கி நடந்தார். கீழே பள்ளம். கூத்தன் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"எட்டுன்னா முப்பத்தேழு பாகைதானுங்களே?" என்றான் இடும்பன்.

"இடப்பக்கம் திரும்பினாலும் எட்டு. வலப்பக்கம் திரும்பினாலும் எட்டு. ரெண்டாவது குவியல் என்ன நிறம்?" என்றார் உலகம்மை.

"கறுப்பு. ஆறு."

"அதைப் பாக்காம எப்படிச் சுத்தின?"

அதன்பிறகு அவன் இரண்டு குவியலையும் பார்த்தான். ஒன்று எவ்வளவு என்று சொல்லும். மற்றது எந்தப் பக்கம் என்று சொல்லும். ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஒருநாள் ஓர் ஆட்டுக்காரர் வந்தார். கிழக்கே பத்து, வடக்கே ஒன்றுமில்லை. இடும்பனுக்குச் சந்தோஷம்.

"இவரு திரும்பவே இல்லீங்கம்மா. அப்படியே வந்திருக்காரு."

"இல்லைன்னா முழுசாச் சுத்தி வந்திருக்காரு. ரெண்டுக்கும் கணக்கு ஒண்ணுதான். எத்தனை சுத்துன்னு இந்தக் கல்லுக்குத் தெரியாது."

இடும்பன் ஆட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தான். காலையில் ஆடு தேடிப் போன மனிதர். தாடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவர் தன் ஆடுகள் எங்கே என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று இடும்பன் தன் மனதில் வெகுநாளாக இருந்த கேள்வியைக் கேட்டான்.

"மேல் வரிசையில எட்டு வெள்ளை, ஆறு வெள்ளைன்னா கீழ் வரிசையில ஆறு கறுப்பு, எட்டு வெள்ளைதான் வரும். எத்தனை பேரை அளந்தாச்சு, மாறுனதே இல்லை. கிழக்குக்கு இடப்பக்கம் வடக்கு. ஆளு திரும்புனா ரெண்டும் சேர்ந்துதானே திரும்பும்? தெரிஞ்சதையே எதுக்கும்மா ரெண்டாவது கையா வேற கேக்கறோம்?"

உலகம்மை தன் இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீரில் நனைத்துப் பாறைமேல் பக்கத்தில் பக்கத்தில் பதித்தார். இரண்டு ஈரத் தடங்கள்.

"இந்தத் தடத்தைச் சுத்திச் சுத்தி அந்தத் தடத்து மேல சரியா உக்கார வை."

இடும்பன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மனதுக்குள் கால்வாசி சுற்றினான், அரைவாசி சுற்றினான். கட்டை விரல் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கம் போய் நின்றது.

"காஞ்சு போச்சுங்க" என்றான் கடைசியில்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு உலகம்மை எழுந்து போனார்.

அம்மா சில சமயம் சின்னப்பிள்ளை விளையாட்டெல்லாம் விளையாடுகிறார் என்று இடும்பன் கூத்தனிடம் சொல்லிச் சிரித்தான். நான்கு குவியலும் ஒத்து வராத ஆளைப் பற்றி அவனும் கேள்விப்பட்டிருந்தான். அப்படிப்பட்டவருக்குக் கோணம் கிடையாது. எவ்வளவு சுற்றினாலும் நேராக மாட்டார். அவரை ஊருக்குள் விடக்கூடாது, வீட்டாள் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பனிக்குள் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது முறை. ஆனால் அப்படி ஓர் ஆளை அவன் பார்த்ததில்லை.

அந்த வருஷம் உலகம்மை வடக்கே வேறொரு மலைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் தலை மறைந்ததும் இடும்பன் இரண்டாவது கையை நிறுத்திவிட்டான். வேலை பாதியாகக் குறைந்தது. கூத்தன் முனகினான். அவன் முனகலைக் கணக்குப் புலி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் கிழங்கு தோண்டப் போன சிலம்பாயி இருட்டும் நேரமாகியும் வரவில்லை. இடும்பன் ஆசிரமத்துக் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினான். பனிக்குள் இறங்கி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் ஒரு வழியாக உள்ளே போகும்போது அவள் வேறொரு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தாள். கூத்தன் அவளை அளந்தான். ஒரு கைதான். கொஞ்சம் திரும்பியிருந்தாள், நேராக்கி வீட்டுக்கு அனுப்பினான்.

இடும்பன் மறுநாள் உச்சிவேளையில்தான் வந்தான்.

"பனிக்குள்ள எதிர்க்க ஒரு ஆள் வந்தாண்டா" என்று கூத்தனிடம் சொன்னான். "என் உயரம், என் நடை. வழி விடலாம்னு ஒதுங்கினேன். அவனும் அதே பக்கம் ஒதுங்கினான். மறுபக்கம் ஒதுங்கினேன். அவனும் ஒதுங்கினான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வெளிய நின்னுட்டிருந்தேன்."

கூத்தன் அவன் கண்ணைக் கட்டினான். இடும்பன் கோலை நீட்டினான். ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு, ஐந்து. முப்பது பாகை.

"ரெண்டாவது கை கேக்கட்டுமாண்ணா?"

"என்கிட்டயேவா? சுத்துடா."

கூத்தன் சுற்றினான்.

உலகம்மை திரும்பி வந்த மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில் இடும்பன் அவர்முன் வந்து உட்கார்ந்தான். முகம் வற்றிப்போயிருந்தது. உலகம்மை சொம்பில் தண்ணீர் நீட்டினார். வாங்கிக் குடித்தான். அவன் சொம்பைப் பிடித்திருந்த கையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வீட்டுல இருக்கறது என் சம்சாரம் இல்லீங்க."

"அப்புறம் யாரு?"

"தெரியல. பனியில இருந்து வேற ஏதோ வந்திருக்குது. இடது கையில சோறு போடறா. இடது கையிலயே சாப்பிடறா. அவளுக்கு இடது முழங்கையில ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. இப்ப அது வலது முழங்கையில இருக்குது. சீலையை வலது தோள்ல போடறா."

"வேற?"

"அடுப்பு எதிர் மூலைக்குப் போயிருச்சு."

"அடுப்புமா?"

"அவதான் மாத்தியிருக்கணும். என்னை வெளிய விடறதில்லை. காய்ச்சல்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. யாராச்சும் வந்தா வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்பிடறா. இன்னிக்கு அவ தண்ணிக்குப் போனப்ப ஓடி வந்தேன். வழியெல்லாம்கூட என்னமோ மாதிரி இருக்குது. புளியமரத்துக்கிட்ட வந்து தடுமாறி நின்னுட்டேன். பனி ஊருக்குள்ளயே வந்துருச்சு போலிருக்குது, அவளோட சேர்ந்து."

உலகம்மை சொம்பைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்தார்.

"அவ தூங்கறப்ப நெஞ்சுல கை வெச்சுப் பார்த்தேங்க. வலது பக்கம் துடிக்குது."

 அவன் சிலம்பாயியை மிகவும் நேசித்தான். பயந்ததும் அதனால்தான்.

"தப்பு என் மேலதான்" என்றான். "நீங்க இல்லாதப்ப ஒரு கையோட விட்டுட்டோம். அவளுக்கு ரெண்டாவது கை கேக்கவே இல்லை. கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இன்னிக்குக் கேளுங்கம்மா. என் சிலம்பாயி இன்னும் உள்ளதான் இருக்கா. இதைக் கொண்டுபோய் விட்டுட்டு அவளைக் கூட்டிட்டு வரணும்."

சிலம்பாயி மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். குடத்தைப் பாதி வழியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும், சீலை நனைந்திருந்தது. இடும்பனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு உலகம்மையைப் பார்த்தாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

உலகம்மை அவள் காதில் விழும்படியே இடும்பனிடம் கேட்டார்.

"நாலும் ஒத்து வரலைன்னா வீட்டாள்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் பனிக்குள்ள விடணும். நீ—"

"விடறேங்க" என்றான் இடும்பன்.

சிலம்பாயி பாறைமேல் ஏறினாள். கூத்தன் கண்ணைக் கட்டினான். அவள் அசையாமல் நின்றாள்.

"உன் கிழக்கு எது?"

கோல் நீண்டது. கிழக்கே பத்து வெள்ளை. வடக்கே ஒன்றுமில்லை.

"உன் வடக்கு எது?"

கோல் நகர்ந்தது. கிழக்கே ஒன்றுமில்லை. வடக்கே, கூத்தன் எண்ணி வைத்தான், பத்து வெள்ளை.

"சரியா இருக்குதுங்க" என்றான் கூத்தன்.

"எப்படிடா சரி?" இடும்பன் பாறையைச் சுற்றி ஓடி வந்தான். "கிழக்கைப் பாத்து நிக்கறா. வடக்கு இடப்பக்கம். அவ வலப்பக்கம் காட்டறா. கண்ணு தெரியலையா உனக்கு?"

"குத்துக்கல்லுப் பக்கம்தாண்ணா காட்டறாங்க."

இடும்பன் குத்துக்கல்லைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கல்லை மாத்தி நட்டுட்டாங்க" என்றான்.

"அது நட்ட கல்லில்லை. பாறையோட பாறையா இருக்கறது" என்றார் உலகம்மை. "நீ ஏறு."

"என்னை அளந்தாச்சுங்களே."

"எத்தனை கை?"

  கூத்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிலம்பாயி பாறையிலிருந்து இறங்கி, கண்கட்டை அவிழ்த்துவிட்டு, ஈரச் சீலையோடு ஓரமாகப் போய் நின்றாள்.

இடும்பன் ஏறினான். துணி கண்ணை மூடியது. கீழே பள்ளத்தில் பனி அசையும் ஓசை கேட்பது போல் இருந்தது. பனிக்கு ஏது ஓசை என்று நினைத்துக்கொண்டான்.

"உன் கிழக்கு எது?"

நீட்டினான். கயிறு உராய்ந்தது.

"பத்து வெள்ளை. ஒண்ணுமில்லை" என்றான் கூத்தன்.

"உன் வடக்கு எது?"

இடும்பன் தன் இடப்பக்கம் என்று அறிந்த பக்கம் கோலை நீட்டினான். ஆயிரம் தடவை மற்றவர்கள் நீட்ட அவன் பார்த்திருந்த கோல். அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

கயிறு உராய்ந்தது. கூத்தன் எண்ணவில்லை. கல் வைக்கும் சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"என்ன நிறம்டா?"

 இடும்பன் கண்கட்டோடு மண்டியிட்டுத் தடவிப் பார்த்தான். வெள்ளைக் கற்கள் ஆற்றில் எடுத்தவை, வழுவழுவென்று இருக்கும். கறுப்புக் கற்கள் மலையில் உடைத்தவை. மேல் வரிசையில் விரல் வழுக்கியது. கீழ் வரிசையில் சொரசொரவென்று உறுத்தியது.

"கணக்கைச் சொல்லு" என்றார் உலகம்மை.

"மேல பத்து வெள்ளை, ஒண்ணுமில்லை." அவன் குரல் பழக்கத்தில் தானாகவே ஓடியது. "அதை மட்டும் பாத்தா கோணம் சுழி. திரும்பவே இல்லை. அப்படின்னா கீழ ஒண்ணுமில்லை, பத்து வெள்ளைன்னு வரணும். பத்து கறுப்பு வந்திருக்குது."

"எத்தனை பாகை சுத்தினா இந்த நாலும் வரும்?"

அவன் கற்களின்மேல் கையை வைத்தபடியே இருந்தான். கால்வாசி சுற்றிப் பார்த்திருப்பான், அரைவாசி சுற்றிப் பார்த்திருப்பான். வேறு யாராவது அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் தவறு என்று சொல்லியிருக்கலாம்.

"எத்தனை சுத்தினாலும் வராதுங்க" என்றான்.

கண்கட்டை அவிழ்த்தான். கோலின் நுனி குத்துக்கல்லுக்கு நேர் எதிர்ப்பக்கம், தெற்கே கிடந்தது. அவன் தன் கைகளை விரித்து, இது எது, அது எது என்று மாறி மாறிப் பார்த்தான். நெஞ்சில் ஒரு கையை வைத்துப் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிட்டான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"வந்த அன்னிக்கே தெரியும்" என்றாள் சிலம்பாயி. "சோத்துல இடது கையை வெச்சீங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நான்தானே உங்களைக் கூட்டிட்டுப் போகணும்?"

இடும்பன் அழவில்லை. அழுதால் தேவலை என்று கூத்தனுக்குத் தோன்றியது. பள்ளத்திலிருந்து பனி மெல்ல மேலேறிப் பாறையின் விளிம்பைத் தொட்டது. அதற்குள்ளே தூரத்தில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. இடும்பன் உயரம். இவன் தலையைத் திருப்பினால் அதுவும் திருப்பியது.

உலகம்மை சிலம்பாயியின் பக்கம் திரும்பினார்.

"நாலும் ஒத்து வரலை. முறை உனக்குத் தெரியும். இவன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றியா?"

சிலம்பாயி கணவனைப் பார்த்தாள். பனியைப் பார்த்தாள். மறுபடி கணவனைப் பார்த்தாள். நனைந்த சீலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

பனி முதல் கோட்டைக் கடந்து பாறைக்குள் வந்தது. அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இடும்பனால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அவ ஏன் பதில் சொல்லாம நிக்கறா?"

"உன்னைக் கேட்டப்ப நீ யோசிக்கலை" என்றார் உலகம்மை. "அவ யோசிக்கறா."